வியாழக்கிழமை ஒன்பது டிகிரி

ராவன்ஷீல்,
ஜனவரி 12, ஞாயிறு

அன்புத் தம்பி லெஸ்லிக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. நானும் உன் அத்தான் நார்மனும் இங்கே நலம். நீயும் ஷீலாவும் பேரப்பிள்ளைகளும் பெர்த்தில் நலமாக இருப்பதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. கடலில் குளித்துவிட்டு வந்து ஈரக் கையோடு எழுதுவதாகவும் எழுதியிருந்தாய். நான் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் வாங்க நீ அனுப்பியதை வங்கியில் சொல்லித் திருப்பிவிட்டேன். தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்த்தால் நான்கு விரற்கடைதான் நனைகிறது என்பது உண்மை. அதை உன்னிடம் போனில் உளறியது உன் அத்தானின் தவறு. மற்ற அறைகளின் ஹீட்டர்களை மூடிவிட்டு அடுப்படியில் மட்டும் கரி போட்டு எரிக்கிறோம். இரண்டு பேருக்கு ஓர் அறை போதும். நாம் பிறந்த வீட்டில் ஏழு பேர் ஓர் அறையில் இருந்தோம், நீ மறந்திருப்பாய்.

இருபத்தைந்து பவுண்டுக்காகவா அரசாங்கத்தோடு இவ்வளவு சண்டை என்று கேட்டாய். ஆமாம், அதற்காகத்தான். ஒரு வாரம் முழுவதும் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் குறைந்த ஓய்வூதியக்காரர்களுக்கு அந்தத் தொகை தர வேண்டும் என்பது அவர்களே எழுதிய விதி. நான் கேட்பது பிச்சை அல்ல. நீ தருவது அன்பு, அது வேறு. அன்பை வாங்கிக்கொண்டு நான் சும்மா இருந்துவிட்டால் இந்த ஊரில் அன்பு அனுப்ப ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டு டோரீனுக்கு ஆஸ்திரேலியாவில் யாரும் இல்லை.

அந்தச் சராசரியை எங்கே பார்க்கிறார்கள் தெரியுமா? ராவன்ஷீலில் அல்ல. ஒவ்வொரு அஞ்சல் குறியீட்டையும் ஒரு வானிலை நிலையத்தோடு கட்டி வைத்திருக்கிறார்கள். எங்களைக் கட்டியிருப்பது அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்ன விமானத்தளத்தோடு. நாங்கள் மலைமேல். அவர்கள் கடல் மட்டத்தில். போன வாரம் இங்கே குழாய் உறைந்து, கெட்டிலில் பனியை உருக்கித் தேநீர் போட்டோம். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது, உங்கள் பகுதியின் சராசரி பூஜ்யத்துக்கு மேல் இரண்டு டிகிரி, ஆகவே தொகை இல்லை என்று. எங்கள் பகுதியாம்!

முன்பெல்லாம் எங்களுக்கு என் தோட்டத்து வெப்பமானிப் பெட்டிதான் வானிலை நிலையம். நீர்த்தேக்கத்துக் காவலர் ஓய்வு பெற்றபோது அவர் பார்த்துவந்த அளவெடுக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். பள்ளிச் சமையல்காரிக்குச் சராசரி போடத் தெரியுமா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. வண்டி நூலகத்தில் புத்தகம் எடுத்து நானே கற்றுக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்து வெள்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு படிக்க வேண்டும், எழுத வேண்டும், உச்ச வெப்பமானியை உதறி வைக்க வேண்டும். அது ஏறிய இடத்திலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும். முப்பத்தோரு வருடம் ஒரு நாள் தவறவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் வந்து நிலையத்தை மூடுகிறோம் என்றார்கள். கருவிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியின் கால்கள் மக்கியிருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் அதே வகைக் கருவிகளை என் காசில் வாங்கி மாட்டிவிட்டேன். நோட்டில் விடுபட்ட நாள் இன்னும் ஒன்றும் கிடையாது.

டோரீன் கேலி செய்கிறாள். "ஏன்டி ஹெஸ்டர், அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டாவது புருஷனையா ஒளிச்சு வச்சிருக்க?" என்கிறாள். உன் அத்தான் அதற்கு மேல். "எனக்குக் காய்ச்சல்னா நெத்தியில கை வைக்கமாட்டா. பெட்டிய மட்டும் தெனமும் போய்ப் பாத்துட்டு வருவா" என்று அவளிடம் சொல்லிச் சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது. குவாரித் தூசு, உனக்குத் தெரிந்ததுதான். புதிதாக ஒன்றும் இல்லை. அவருக்கு ஒரு ஜோடி கையுறை பின்னியிருக்கிறேன், இடது கையில் ஒரு விரலை வழக்கம்போல் மூடித் தைத்து.

கவுன்சிலர் அலுவலகத்தில் ஜோன் என்று ஒரு பெண் இருக்கிறாள். நல்லவள், கொஞ்சம் அவசரக்காரி. "ஏழு நாள், முழுசா, விடாம, இந்த மாசத்துக்குள்ள எழுதிக் காட்டுங்க. உங்க ஊர வேற மலை நிலையத்தோட சேர்க்கச் சொல்லி நான் மனு போடறேன்" என்றிருக்கிறாள். அடுத்த வாரம் குளிர் இறங்கும் என்று என் மூட்டு சொல்கிறது. பார்க்கலாம்.

தொலைபேசியில் கூப்பிடாதே. நீ என்னைப் பேசவிடமாட்டாய்.

உன் குடும்பத்தைக் கடவுள் காக்கட்டும்.

அன்புள்ள அக்கா,
ஹெஸ்டர்


ராவன்ஷீல்,
ஜனவரி 26, ஞாயிறு

அன்புத் தம்பி லெஸ்லிக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி எழுதலாம் என்று இருந்தேன்.

போன ஞாயிறு குளிர் இறங்கியது. நேற்றோடு ஏழு நாள். உச்ச அளவையும் கீழ் அளவையும் கூட்டிப் பாதியாக்கினால், ஒரு நாளைத் தவிர ஒவ்வொரு நாளும் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. பெரிய குளிர் அல்ல, ஆனால் விதிக்கு அது போதும். நான் ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை, பகலிலும் உட்காரவில்லை. பெட்டிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். டோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்து, "பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற அப்பன் மாதிரி நடக்கிறியே" என்றாள்.

வியாழக்கிழமை நான் கடற்கரைக்குப் போனேன். ஏன் போனாய் என்று நீ கேட்பாய், அத்தானும் கேட்டார். எங்களை எதோடு கட்டியிருக்கிறார்கள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும், அதே நாளில் அங்கே என்ன அளவு என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். இங்கிருந்து பஸ் செவ்வாயும் வியாழனும்தான். ஏழரைக்குக் கிளம்பிவிடும். அதனால் ஒன்பது மணி அளவை எடுக்கும் பொறுப்பை அத்தானிடம் கொடுத்தேன். முதல் முறையாக. "நாப்பது வருஷமா உன்னோட குடும்பம் நடத்துனவன் ஒரு கண்ணாடிக் குழாயப் படிக்கமாட்டேனா?" என்றார். மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்.

மூன்று பஸ் மாறினேன். விமானத்தளத்து வேலிக்கு அப்பால் புல்லில் என் பெட்டியைப் போலவே ஒரு வெள்ளைப் பெட்டி. புல் பச்சையாக இருந்தது, லெஸ்லி. ஒரு பொட்டுப் பனி இல்லை. வேலி ஓரத்தில் ஒருவன் கையுறைகூட இல்லாமல் நின்று பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தான். காவலுக்கு இருந்தவன் வந்து, "அம்மா, இங்க நிக்கக் கூடாது. யாரத் தேடறீங்க?" என்றான். எங்கள் ஊர்க் குளிரைத் தேடுகிறேன் என்றேன். என்னைக் கிறுக்கு என்று நினைத்திருப்பான். ஆனாலும் உள்ளே போய்க் கேட்டுவந்து அன்றைய அளவைச் சொன்னான். உச்சம் நான்கு.

இருட்டிய பிறகு வீடு வந்து நோட்டைப் பிரித்தேன். அத்தானின் கையெழுத்தில், கீழ் அளவு மைனஸ் இரண்டு, சரி. உச்ச அளவு ஒன்பது.

ஒன்பது! தோட்டத்தில் பனி கிடக்கிறது. கடற்கரையிலேயே நான்குதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு ஓடினேன். அவர் உதற மறந்திருந்தார். கருவியிலும் ஒன்பதுதான் நின்றது. ஆக, அவர் படித்தது தவறில்லை. அப்படியானால் கருவி கெட்டுவிட்டதா? கெட்டது என்றைக்கு? போன வருடமா, அதற்கும் முன்பா? ஆறு வருட நோட்டும் குப்பையா? அன்றைக்கு நான் உட்காரவில்லை. உதறி வைத்துவிட்டு, காலையில் பார்த்தால் வழக்கம்போல் இரண்டு. அடுத்த நாளும் இரண்டு. கருவியில் ஒரு குறையும் இல்லை.

அவரைக் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். முப்பத்தேழு வருடத்தில் ஒரே ஒரு நாள் வெளியே போனேன், அதற்குள் என்ன செய்தீர்கள் என்றேன். "பாத்தத எழுதுனேன். ஒன்பதுன்னா ஒன்பது" என்றார். எப்படி ஒன்பது என்றேன். "அத அதுகிட்டப் போய்க் கேளு" என்று போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். மூன்று நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் இருமல்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறது.

அந்த ஒரு எண்ணால் வாரத்தின் சராசரி பூஜ்யத்துக்கு இம்மி மேலே போய்விட்டது. ஜோனிடம் சொன்னேன். "அது தப்புன்னு உங்களுக்கே தெரியுதே, என்ன இருந்திருக்குமோ அத எழுதிடுங்க" என்றாள். டோரீனும் அதையேதான் சொல்கிறாள். இருபத்தாறு வீடு இந்த மனுவுக்காகக் காத்திருக்கிறது, உனக்கு ஒரு எண்ணை மாற்றக் கை வரவில்லையா என்கிறாள். பார்க்காத எண்ணை எழுத எனக்குத் தெரியாது. அந்த நாளை அடித்துவிட்டால் ஆறு நாள்தான் ஆகும். இப்போது பனி உருக ஆரம்பித்துவிட்டது. இந்த மாதத்தில் இன்னொரு குளிர் வாரம் கிடையாது.

நான் திருப்பியதை நீ மறுபடியும் அனுப்பியிருக்கிறாய் என்று வங்கியிலிருந்து சொன்னார்கள். நாளை அதையும் திருப்புவேன். உனக்குப் பிடிவாதம் என்றால் எனக்கும் உண்டு, நாம் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.

அன்புள்ள அக்கா,
ஹெஸ்டர்


ராவன்ஷீல்,
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புத் தம்பி லெஸ்லிக்கு,

பயப்படாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் பிழைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்குப் போன கடிதம் எழுதி மூன்றாம் நாள் காலை அவர் உதடு நீலமாக இருந்தது. டோரீன்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நான் பெட்டியருகே இருந்தேன், ஒன்பது மணி. மலைப்பாதையில் சேறும் பனியுமாகக் கிடந்ததால் வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரமெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.  ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள்.

இரண்டாம் நாள், ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திவிட்டு அவரே ஆரம்பித்தார். "ஹெஸ்டர், அந்த வியாழக்கிழம... வெளிய என் கண்ணாடி பூரா ஆவி மூடிக்கிச்சு. கோடே தெரியல. அந்தக் குழாயக் கழட்டி அடுப்படிக்கு எடுத்துட்டு வந்து ஜன்னல்கிட்ட புடிச்சுப் பாத்தேன். ஒன்பதுன்னு இருந்துச்சு. எழுதிட்டுத் திரும்பவும் கொண்டுபோய் மாட்டிட்டேன். சொன்னா கத்துவ" என்றார்.

நான் கத்தினேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. கருவியை இடம் மாற்றக் கூடாது என்பதுதானே முதல் பாடம், பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் அது எந்த இடத்து அளவு என்று யாருக்குத் தெரியும் என்றேன். எண்பத்து நான்கு வயது மனிதன் வீட்டுச் செருப்போடு பனியில் இரண்டு தடவை போய் வந்திருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நோட்டுத்தான் கண்ணில் நின்றது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளாம். மாடிப்படி உண்டா, யார் சமைப்பது, எல்லாம் சொன்னேன். பிறகு, "உங்க வீட்டுக்குள்ள எத்தன டிகிரிம்மா இருக்கும்?" என்று கேட்டாள்.

லெஸ்லி, இந்த ஊரில் முப்பத்தேழு வருடத்தில் எந்த நாளைக் கேட்டாலும் வெளியே எத்தனை டிகிரி என்று நான் சொல்வேன். கடற்கரையில் எத்தனை என்றும் சொல்வேன். அவளுக்கும் அதையேதான் சொன்னேன். இன்று காலை வெளியே மூன்று என்றேன். "வெளிய இல்லம்மா, உள்ள. அவர் உக்காந்திருக்கிற ரூம்ல" என்றாள்.

படுக்கையில் இருந்தபடி உன் அத்தான் இரண்டு கையையும் தூக்கினார். விரல்களை விரித்துக் காட்டினார். அவருக்கு இருப்பதே ஒன்பது விரல்தான்.

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கரி எரிந்துகொண்டிருந்த நேரம், வீட்டிலேயே சூடான இடம், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே அவர் நாள் முழுதும் உட்காரும் நாற்காலி. ஒன்பது. அவள் கொடுத்துவிட்டுப் போன அரசாங்கத் துண்டுத்தாளில் அச்சடித்திருக்கிறது, வயதானவர்கள் இருக்கும் அறை பதினெட்டுக்குக் குறையக் கூடாது என்று. நான் தினமும் அந்த அறையிலிருந்து கிளம்பித் தோட்டத்துக்குப் போய்க் குளிரை அளந்துவிட்டு, மறுபடியும் அந்த அறைக்கே வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அவர் எண்ணை அடிக்கவில்லை. பக்கத்தில் எழுதினேன்: "இந்த உச்ச அளவு பெட்டியில் எடுத்ததல்ல. வெளியே கண் தெரியாததால் என் கணவர் கருவியை எங்கள் அடுப்படிக்கு எடுத்து வந்து படித்தது. அப்போது அடுப்பில் கரி எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறெந்த அறையும் இதைவிடச் சூடாக இல்லை. ஹெஸ்டர் நாட்ரஸ்." தேதியும் போட்டேன்.

ஜோன் அதை இரண்டு முறை படித்தாள். "இது நம்ம மனுவ நிறுத்திடும்மா. ஏழு நாள் ஆகல. அந்தப் பக்கத்த மட்டும் விட்டுட்டு அனுப்பலாமா?" என்று கேட்டாள். பக்கத்தைக் கிழித்தால் நோட்டே வேண்டாம் என்றேன். பெருமூச்சு விட்டு, உள்ளபடியே வைத்து அனுப்பினாள். இந்த வருடம் நிலையம் மாறாது. அடுத்த குளிர்காலம் பார்க்கலாம் என்று பதில் வரும், எனக்குத் தெரியும்.

டோரீன் என்னை வாசலில் நிறுத்தித் திட்டினாள். "உன் நேர்மைய அடுப்புல போட்டா எரியுமாடி? இருபத்தாறு வீட்டுக்கு நீ பதில் சொல்வியா?" என்றாள். நான் நோட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு, "அந்தக் கொழாயக் குடு. எங்க வீட்டுல எவ்வளவுன்னு பாத்துட்டுத் தரேன்" என்றாள். சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாள். பதினொன்று. அதற்கு அடுத்த வீட்டில் எட்டு. புதிதாக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ஊரில் பதினான்கு வீடு முடிந்திருக்கிறது, ஒரு வீடும் பதினெட்டைத் தொடவில்லை. அலுவலகம் கடற்கரையில் என்ன வேண்டுமானாலும் அளந்துகொள்ளட்டும். இதற்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன். நான் விடப்போவதில்லை, அதை நீ எல்லோரிடமும் சொல்லலாம்.

எண்ணெய் வண்டி வெள்ளிக்கிழமை வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. இந்த முறை திருப்பவில்லை, உன் பணம்தான். அதைப் பற்றி எனக்கு எழுதாதே, போனிலும் பேசாதே.

ஒரு உதவி மட்டும் வேண்டும், தம்பி. அத்தானுக்கு நீ ஒரு கடிதம் எழுது. அவர் படித்த ஒன்பது சரியான அளவு, கருவியும் சரி, அவர் கண்ணும் சரி என்று எழுது. நான்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தினமும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகிறேன். படுக்கைக்குப் பக்கத்தில் போனதும் முகமூடியைக் கழற்றாதீர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. நீ எழுதினால் நான் அதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அவருக்கு என் குரலில் கேட்கும். விமானத் தபாலில் போடு.

உன் வீட்டில் எல்லோரும் எப்போதும் வெயிலில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அன்புள்ள அக்கா,
ஹெஸ்டர்

பி.கு.: அவர் நாற்காலிக்கு மேலே ஆணி அடித்து ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறேன். இன்று காலை ஒன்பது மணிக்குப் பத்தொன்பது. நாற்காலி காலியாக இருந்தாலும் ஹீட்டரை அணைக்கவில்லை.